வெயில் ஏறும் முன்: ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு வீட்டு வாசலிலேயே ஏ.டி.எஃப். மாற்றுவது எப்படி?

என்ஜின் ஆயில் மாற்றத் தெரிந்தவர்கள் சென்னை முகப்பேரில் எங்கள் தெருவில் மட்டும் நான்கைந்து பேர் இருக்கிறார்கள். ஏ.டி.எஃப்., அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில், என்று பேச்செடுத்தால் அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொள்வார்கள். பயம் வீண் பயமில்லை. என்ஜினில் டிப்ஸ்டிக் உண்டு. கூடினாலும் குறைந்தாலும் காட்டிக்கொடுக்கும். இப்போது வரும் பல ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களில் அது கிடையாது. எவ்வளவு ஊற்றினோம் என்பதை வண்டியின் அடியில் படுத்துக்கொண்டு, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஆயிலின் வெப்பநிலையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆயிலை இறக்குவதும் ஏற்றுவதும் பொறுமை உள்ள யாரும் செய்யக்கூடிய வேலை. அளவு பார்ப்பதுதான் வித்தை, அதிலும் சென்னையில் அதற்கு வெயிலோடு போட்டி போட வேண்டும். அதனால் இந்த வழிகாட்டி அந்த ஒரு படியில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கும்.

என்னிடம் இருப்பது 2017 ஃபார்ச்சூனர்: 2.8 லிட்டர் டீசல், ஆறு கியர் ஆட்டோமேட்டிக், ஃபோர் பை ஃபோர். உதாரணங்கள் அதிலிருந்து வரும். 2020 அக்டோபரில் வந்த தார், அதன் பின் வந்த ஸ்கார்ப்பியோ-என், ஜிம்னி, மறைமலை நகரில் தயாரான எண்டேவர் எல்லாவற்றிலும் டார்க் கன்வெர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக்தான், அடிப்படை ஒன்றே. போல்ட் இருக்கும் இடம், ஆயில் வகை, வெப்பநிலை எண், சிலவற்றில் அளவு பார்க்கும் முறை ஆகியவை மாறும். சி.வி.டி., டூயல் கிளட்ச் வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் பின்பற்ற வேண்டாம். அவற்றின் ஆயிலும் வேறு, முறையும் வேறு.

## இந்த ஆயிலுக்கு எத்தனை வேலை

மேனுவல் கியர்பாக்ஸில் ஆயிலுக்குப் பெரும்பாலும் ஒரே வேலை, பற்கள் தேயாமல் பார்த்துக்கொள்வது. ஆட்டோமேட்டிக்கில் அது நான்கு வேலை பார்க்கிறது. டார்க் கன்வெர்ட்டருக்குள் என்ஜினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்துகிறது. வால்வ் பாடிக்குள் அழுத்தமாக ஓடி, கிளட்சுகளை அழுத்தி கியரை மாற்றுகிறது. வெப்பத்தை எடுத்துப்போய் கூலரில் கொட்டுகிறது. மிச்ச நேரத்தில் மசகு. கிளட்ச் தகடுகள் எவ்வளவு வழுக்க வேண்டும், எந்த நொடியில் பிடிக்க வேண்டும் என்பதும் இதில் கலந்த ரசாயனத்தைப் பொறுத்தது. அதற்காக ஒருகாலத்தில் அமெரிக்காவில் ஏ.டி.எஃப்.பில் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயைச் சேர்த்தார்கள். 1970களின் தொடக்கத்தில் திமிங்கில எண்ணெய்க்குத் தடை வந்ததும், மாற்று தேடி அந்தத் தொழிலே தடுமாறியது.

ஆகவே "சிவப்பா இருக்கிற எல்லாம் ஒரே ஆயில்தான் சார்" என்று கடையில் சொன்னால், திரும்பி நடந்துவிடுங்கள்.

## மாற்ற வேண்டுமா, எப்போது?

"ஆயுளுக்கும் மாற்றத் தேவையில்லை" என்பது பரவலாகக் காதில் விழும் வாக்கியம். யாருடைய ஆயுள் என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. பல கார் நிறுவனங்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனமே, ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 ஆண்டுகளில், ஆயிலை மாற்றச் சொல்கிறது.

நம் ஊர் ஓட்டம் மென்மையான ஓட்டமல்ல. பாடி சந்திப்பிலும் மதுரவாயலிலும் D-யில் வைத்து பிரேக்கை மிதித்தபடி அங்குலம் அங்குலமாக நகரும்போது, டார்க் கன்வெர்ட்டருக்குள் ஆயில் தன்னைத் தானே கடைந்து சூடாகிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும் கடற்கரை மணலும் அதைவிட மோசம். நான் 80,000 கிலோமீட்டரில் மாற்றுகிறேன்.

ஒரு எச்சரிக்கை. ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஒருமுறைகூட மாற்றாத வண்டி. கியர் விழும்போது உதறுகிறது, ஆக்ஸிலேட்டரை மிதித்தால் என்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டி நகரவில்லை. இந்த நிலையில் வீட்டில் கை வைக்க வேண்டாம். புது ஆயில் ஊற்றியதால் கியர்பாக்ஸ் போய்விட்டது என்று சொல்லப்படும் கதைகளில் பெரும்பாலானவை இப்படி ஏற்கெனவே போய்க்கொண்டிருந்த பெட்டிகளின் கதைகள்தான். பழி மட்டும் ஆயிலுக்கு.

## அடியில் ஒன்றல்ல, நான்கு பெட்டிகள்

ஃபோர் வீல் டிரைவில் புதிதாகக் கை வைப்பவர் செய்யும் தவறு இங்கேதான். அடியில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், அதன் வாலில் ஒட்டியபடி டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல். ஒவ்வொன்றுக்கும் தனி ஆயில், தனி டிரெயின் போல்ட். ஸ்கிட் பிளேட்டைக் கழற்றிவிட்டுப் பார்த்தால், கியர்பாக்ஸின் அடியில் அகலமான தட்டையான சட்டி தெரியும். நம் வேலை அதோடு மட்டும். அதற்குப் பின்னால் தடித்த வார்ப்பில் இருப்பது டிரான்ஸ்ஃபர் கேஸ். அதன் போல்ட்டைத் தவறுதலாகக் கழற்றினால் தேன் நிறத்தில் கந்தக நாற்றத்தோடு கியர் ஆயில் வழியும். வந்தால் உடனே மூடுங்கள், இறங்கியதை அளந்து அதே வகை ஆயிலை நிரப்புங்கள்.

சட்டியிலேயே இரண்டு போல்ட்டுகள் இருப்பது இன்னொரு குழப்பம். ஒன்று டிரெயின் போல்ட். கழற்றினால் சட்டி காலியாகும். மற்றது ஓவர்ஃப்ளோ போல்ட். அதற்கு மேலே சட்டிக்குள் ஒரு சிறு குழாய் நிற்கிறது. ஆயில் அந்தக் குழாயின் வாய்க்கு மேல் இருந்தால் மட்டும் வழியும். அதுதான் நமக்கு டிப்ஸ்டிக். ஊற்றும் துளை பக்கவாட்டில், மேலே, கை நுழையச் சிரமப்படும் இடத்தில் இருக்கும். மூன்றுக்கும் மார்க்கரால் அடையாளம் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

## வாங்க வேண்டியவை

ஆயில் வகையைக் கையேட்டில் பாருங்கள். என் வண்டிக்கு டொயோட்டா டபிள்யூ.எஸ். அது பழைய டெக்ஸ்ரான் 3-ஐவிட மெல்லியது. ஒன்றுக்கு ஒன்று மாற்றாகாது. இறங்குவது 3 லிட்டரோ 4 லிட்டரோ, 5 லிட்டர் கையில் இருக்கட்டும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் எல்லாம் கிடைக்கும். ஆனால் பில் தருகிற கடையில், மூடியின் சீல் உடையாத டின்னாக வாங்குங்கள்.

டிரெயின், ஓவர்ஃப்ளோ, ஊற்றும் துளை மூன்றுக்கும் புது வாஷர். ரிங் ஸ்பேனர், பாக்ஸ் ஸ்பேனர், அலன் கீ. டொயோட்டாவின் இந்த வகைப் பெட்டிகளில் பெரும்பாலும் ஊற்றும் போல்ட்டுக்கு 24 மில்லிமீட்டர், ஓவர்ஃப்ளோவுக்கு 5 மில்லிமீட்டர் அலன் கீ; ஆனாலும் அடியில் படுத்து அளந்துவிட்டு வாங்குங்கள். டார்க் ரெஞ்ச் ஒன்று. ஆயிலை மேலே ஏற்ற, குழாய் பொருத்திய கைப் பம்பு. வெப்பநிலை காட்ட, ஓ.பி.டி. போர்ட்டில் செருகி மொபைலில் பார்க்கும் புளூடூத் கருவி, ஏ.டி.எஃப். வெப்பநிலையைக் காட்டும் ஆப்தானா என்று வாங்கும் முன்பே சோதியுங்கள். பனியன் வேஸ்ட் ஒரு கிலோ. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் ஐந்தாறு, இறக்கியதை அளக்க.

## இடமும் நேரமும்

ஓவர்ஃப்ளோ முறையில் வண்டி மட்டமாக நிற்க வேண்டும். அடுக்ககப் பார்க்கிங் தரைகள் தண்ணீர் ஓடச் சரிவாகப் போடப்பட்டவை; கண்ணுக்குத் தெரியாது, ஆயிலுக்குத் தெரியும். கொத்தனாரிடம் ஒரு ரசமட்டம் வாங்கிக் கதவின் அடிப்பட்டையில் முன்பின்னாகவும், வண்டியின் குறுக்கே ஒரு பலகையிலும் வைத்துப் பாருங்கள். எங்கள் வாசலில் முன்பக்கம் இரண்டு விரற்கடை இறக்கம் இருந்தது. முன் சக்கரங்களுக்கு அடியில் பலகை கொடுத்து ஏற்றிச் சரி செய்தேன்.

இந்த வண்டிகளில் அடியில் ஒரு சாண் இடைவெளி இருப்பதால், ஒல்லியானவர் ஜாக்கியே இல்லாமல் நுழைந்துவிடலாம். என் உடம்புக்கு அது நடக்காது. தூக்குவதானால் நான்கு சக்கரங்களையும் ஒரே உயரத்துக்கு, சரியான எடை தாங்கும் ஜாக்கி ஸ்டாண்டுகளில் நிறுத்துங்கள். ஹாலோ பிளாக் கல்லில் நிறுத்துவது தற்கொலை. அது சொல்லாமல் நொறுங்கும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் போகாதீர்கள். சக்கரங்கள் தரையைத் தொடாதபோது கியர் போட்டால் அவை சுழலும், அதனால் அந்த நேரத்தில் யாரும் அடியில் இருக்கக் கூடாது. கையேட்டில் வேறு சொல்லாவிட்டால் டிரான்ஸ்ஃபர் குமிழ் 2H-ல் இருக்கட்டும்.

நேரம் என்றால் மார்கழி, தை மாத அதிகாலை. காரணம் கீழே வருகிறது.

## படி 1: முதலில் ஊற்றும் துளையைத் திற

டிரெயின் போல்ட்டைத் தொடும் முன் ஊற்றும் போல்ட் கழல்கிறதா என்று பாருங்கள். ஆயிலை முழுக்க இறக்கிவிட்டு, ஊற்றும் போல்ட் இறுகிக்கிடந்தால் வண்டி அங்கேயே சிலைதான். வண்டியை லாரியில் ஏற்றிப்போவதைத் தவிர வழியில்லை. முதல் முறை எனக்கு அது அசையவே இல்லை. துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கும் ஸ்பிரேயை அடித்து இரவு விட்டும் நகரவில்லை. ஆயில் உள்ளேயே இருந்ததால் வேலையை ஒரு வாரம் தள்ளிவைத்து, நீளமான கைப்பிடி வாங்கி வந்தேன். பெட்டி அலுமினியம், கோணலாக வைத்து அழுத்தினால் மரை போய்விடும்.

## படி 2: இறக்கி அளப்பது

இரவு முழுக்க நின்ற வண்டி, குளிர்ந்த ஆயில். டிரெயின் போல்ட்டைக் கழற்றி அகலமான தொட்டியில் பிடியுங்கள். அரைமணி நேரம் சொட்டட்டும்.

நிறத்தைப் பாருங்கள். புது ஆயில் செக்கச்செவேலென்று இருக்கும். ஓடியது நன்னாரி சர்பத் நிறத்துக்கு வந்திருந்தால் கவலையில்லை. கறுத்து, கருகிய வாடை அடித்தால் கிளட்ச் வெந்திருக்கிறது. ரோஸ் மில்க் மாதிரி இருந்தால் தண்ணீரோ கூலண்டோ கலந்திருக்கிறது. அந்த வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

இறங்கியதைப் பாட்டில்களில் ஊற்றி அளந்து எழுதிவையுங்கள். எனக்கு 3.2 லிட்டர் வந்தது. இந்த எண் உங்கள் காப்பீடு.

சட்டியைக் கழற்றி உள்ளிருக்கும் ஃபில்டரையும் காந்தங்களையும் சுத்தம் செய்வது முறையான வேலைதான். ஆனால் முதல்முறை செய்பவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். இருபதுக்குச் சற்றுக் குறைய போல்ட்டுகள், விரலால் முறுக்குவதுபோல மெல்லிய இறுக்கம் கேட்பவை. ஒன்றை அதிகமாக இறுக்கினாலும் பழைய கேஸ்கெட்டைச் சுரண்டும்போது கீறல் விட்டாலும் ஒழுகும். கழற்றுகிறவர்களுக்கு ஒன்று மட்டும்: காந்தத்தில் சாம்பல் நிறக் குழைவு ஒட்டியிருந்தால் அது இயல்பான தேய்மானம். கையில் நெருடும் உலோகத் துணுக்குகள் இருந்தால் நல்ல செய்தியல்ல.

## படி 3: ஊற்றுவது

புது வாஷரோடு டிரெயின் போல்ட்டை மூடுங்கள். எத்தனை நியூட்டன் மீட்டர் என்பது கையேட்டில் இருக்கும். இந்த வகைப் பெட்டிகளில் 20-ஐ ஒட்டி. இறக்கிய அளவும், அதற்கு மேல் 400 மில்லியும் பம்பால் ஏற்றுங்கள். அந்த 400 வேண்டுமென்றே அதிகம். பின்னால் ஓவர்ஃப்ளோவில் தானாக வழியும். ஊற்றும் போல்ட்டைக் கையால் மட்டும் மூடிவையுங்கள்.

## படி 4: அளவு பார்ப்பது

இனிமேல் இரண்டு பேர் வேண்டும். எனக்கு உதவிக்கு வந்தவன் மனைவியின் தம்பி. ஓட்டுநர் இருக்கையில் அவன், பிரேக்கில் கால். ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தாயிற்று. என்ஜினை ஓடவிட்டு, P, R, N, D என்று ஒவ்வொன்றிலும் சில நொடி நிறுத்தி லீவரை நகர்த்தி மீண்டும் P-க்கு வர வேண்டும். அப்போதுதான் எல்லாக் குழாய்களிலும் ஆயில் ஏறும். இது முடிந்த பிறகே நான் அடியில் நுழைந்தேன். மூடிய கராஜில் செய்யாதீர்கள், புகை கொல்லும்.

ஆயில் சூடானால் விரியும். ஒவ்வொரு டிகிரிக்கும் ஆயிரத்தில் முக்கால் பங்கு அளவில் என்று வைத்துக்கொண்டால், 10 லிட்டர் ஆயில் 40 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போகும்போது ஏறத்தாழ 300 மில்லி பெருகும். 80 டிகிரியில் ஓவர்ஃப்ளோவைத் திறந்தால் அந்த 300-ம் வழிந்து போகும். ஆயில் ஆறியதும் பெட்டியில் அவ்வளவு குறை. குறைந்தால் பம்பு காற்றை உறிஞ்சும், கிளட்ச் வழுக்கும். ரொம்பக் குளிராக இருக்கும்போது பார்த்தால் தலைகீழ். அதிகமாக நின்று, ஓடும்போது நுரைக்கும்.

அதனால்தான் நிறுவனம் ஒரு குறுகிய வெப்பநிலை இடைவெளியைக் குறிக்கிறது. பல பெட்டிகளில் அது 40 டிகிரிக்குச் சற்று முன்னும் பின்னும். உங்கள் பெட்டிக்கான எண்ணைப் பழுதுபார்ப்புக் கையேட்டிலிருந்து எடுங்கள். பக்கத்து வீட்டு வண்டியின் எண் வேண்டாம்.

இப்போது சென்னையை நினையுங்கள். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அப்படி ஒரு மதியத்தில் என்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே ஆயில் அந்த இடைவெளியின் மேல் விளிம்பைத் தாண்டியிருக்கும். கத்திரி வெயிலில் காலை பத்து மணிக்கு இந்த வேலையைத் தொடங்கினால், லீவரை நகர்த்தி முடித்து அடியில் நுழைவதற்குள் வாய்ப்பு முடிந்துவிடும். ஜனவரி காலையில் ஆயில் 22, 23 டிகிரியில் தொடங்கும், சாவகாசமாக ஏறும், உங்களுக்கு நிதானிக்க நேரம் கிடைக்கும். கோடையில்தான் செய்தாக வேண்டும் என்றால் விடியும் முன், ஏ.சி.யை அணைத்துவிட்டு.

"மாமா, முப்பத்தஞ்சு... முப்பத்தாறு..." என்று மேலிருந்து மொபைலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தான். "அவசரப்படாத மாப்ள, நிக்கட்டும்."

இடைவெளிக்குள் வந்ததும் ஓவர்ஃப்ளோ போல்ட்டைத் திறங்கள். சைலன்சர் குழாய் பக்கத்திலேயே இருக்கும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். முதலில் தாரையாக வரும். அது மெலிந்து, நூலாகி, சொட்டத் தொடங்கும் நேரத்தில் போல்ட்டை மூடுங்கள். முழுக்க நிற்கும்வரை காத்திருப்பது தவறு. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆயில் சூடாகி விரிந்துகொண்டே இருக்கிறது; அது நிற்காது, நீங்கள்தான் ஏமாறுவீர்கள்.

திறந்ததும் ஒன்றுமே வரவில்லையா? அளவு குறை. ஊற்றும் துளை வழியே, வழியத் தொடங்கும்வரை ஏற்றுங்கள். அதற்குள் வெப்பநிலை எல்லையைத் தாண்டிவிட்டால் வீம்பு வேண்டாம். மூடிவிட்டு, என்ஜினை நிறுத்தி, சில மணி நேரம் ஆறவிட்டு மறுபடி. நான் முதல்முறை அப்படித்தான் மறுநாள் காலைக்குத் தள்ளிவைத்தேன்.

கடைசியாக ஒரு சரிபார்ப்பு. ஏற்றியதிலிருந்து வழிந்ததைக் கழியுங்கள். அது முதலில் இறங்கிய 3.2 லிட்டரை ஒட்டி வர வேண்டும். ஒரு லிட்டர் வித்தியாசம் இருந்தால், ஒன்று முன்பு அளவு தவறாக இருந்திருக்கிறது, அல்லது இப்போது நீங்கள் தவறு செய்திருக்கிறீர்கள். இரண்டாவதையே முதலில் சந்தேகியுங்கள்.

என்ஜினை நிறுத்தி, எல்லாப் போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் இறுக்கி, துடைத்து, ஸ்கிட் பிளேட்டை மாட்டுங்கள்.

## எத்தனை முறை?

சட்டியிலிருந்து இறங்குவது பாதிகூட இல்லை. மிச்சம் டார்க் கன்வெர்ட்டரிலும் குழாய்களிலும் தங்கிவிடும். 10 லிட்டரில் மூன்றரை மாறுகிறது என்று வைத்தால், முதல் முறைக்குப் பின் 65 சதவீதம் பழையது. அதே போல இரண்டாம் முறைக்குப் பின் 42, மூன்றாம் முறைக்குப் பின் 27. நான் இரண்டாயிரம் கிலோமீட்டர் இடைவெளி விட்டு மூன்று முறை செய்கிறேன். மெஷின் வைத்து மொத்தத்தையும் ஒரே நேரத்தில் மாற்றும் முறையும் உண்டு. அதற்கு ஆயில் அதிகம் செலவாகும், கூலர் குழாயைக் கழற்ற வேண்டும். அதை வாசலில் செய்ய எனக்குத் துணிவில்லை.

## வெள்ளத்தில் நின்ற வண்டி

2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலையும் மேற்குப் புறநகரில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கியர்பாக்ஸுக்கு மூச்சுவிட ஒரு சிறு குழாய் உண்டு. ஓடிச் சூடான பெட்டி திடீரென்று தண்ணீரில் இறங்கினால், உள்ளிருக்கும் காற்று சுருங்கி வெளியிலிருந்து எதையாவது இழுக்கும். குழாயின் வாய் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரைத்தான். அப்படிப்பட்ட வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கு பார்க்காதீர்கள். நான்கு பெட்டிகளின் ஆயிலையும் பாருங்கள். டிஃபரன்ஷியல்களுக்கும் அதே போல மூச்சுக்குழாய் உண்டு.

## பழைய ஆயில்

மூடி உள்ள கேனில் நிரப்பிவைத்தவுடன் ஆள் கேட்டு வருவார்கள். சென்ட்ரிங் ஷீட்டில் தடவ, கரையானுக்கு ஊற்ற. கொடுக்காதீர்கள். 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி கழிவு எண்ணெய் அபாயகரக் கழிவு. மழைநீர் வடிகாலில் ஊற்றினால் அது கூவத்துக்குப் போகும். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் கழிவு எண்ணெயைப் பீப்பாயில் சேர்த்து, அங்கீகாரம் பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்கு அனுப்பும் ஒர்க்‌ஷாப் ஒன்றில் கேட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள். நான்கு லிட்டரைச் சும்மா தந்தால் பெரும்பாலும் வேண்டாமென்று சொல்ல மாட்டார்கள்.

அந்தப் பயணமே சோதனை ஓட்டம். கியர்கள் ஒவ்வொன்றும் ஏறுகிறதா, இறங்குகிறதா, D-யிலிருந்து R-க்கு மாற்றும்போது உதறல் உண்டா என்று கவனியுங்கள். திரும்பி வந்து, கியர்பாக்ஸுக்கு நேர் கீழே பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு இரவு முழுக்க விடுங்கள். மறுநாள் காலை என் அட்டையில் ஈரம் இருந்தது. நெஞ்சு ஒரு கணம் நின்றது. குனிந்து விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தேன்: ஏ.சி. தண்ணீர்.